வண்டு துளைக்காத பாசிப்பயறு: புது ரகம் உருவாக்கும் வழி, படிப்படியாக

பூச்சி எதிர்ப்புள்ள செடியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சுற்றியுள்ள செடிகளெல்லாம் அரிபட்டுக் கிடக்க, ஒன்று மட்டும் பளிச்சென்று நிற்கும். உடனே அதன் விதையைப் பத்திரப்படுத்துவோம். அடுத்த பருவத்தில் அதன் வாரிசுகள் அத்தனையும் சல்லடையாகிவிடும். பூச்சி அந்தச் செடிப்பக்கம் வரவே இல்லை, அவ்வளவுதான். தப்பியது வேறு, எதிர்த்தது வேறு. இதைப் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

படி 1: ஒரே ஒரு பூச்சி

துவரையையும் கொண்டைக்கடலையையும் தாக்கும் காய்ப்புழுவோடு தொடங்க வேண்டாம். அது பல பயிர்களைத் தின்று பழகியது. பயிரிடும் ரகங்களில் அதற்கு முழு எதிர்ப்பு கிடைப்பதில்லை. புதியவர்களுக்குத் தோதானது, சேமித்த பயறைத் துளைக்கும் பயறு வண்டு. கண்ணாடிப் புட்டிக்குள்ளேயே வளரும். வளர்ந்த வண்டுக்குத் தீனி வேண்டாம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும்.

படி 2: எதிர்ப்புள்ள தந்தை

பயிர் ரகங்களில் கிடைக்காதது அவற்றின் காட்டு உறவில் கிடைக்கும். மடகாஸ்கரில் திரட்டப்பட்ட டிசி1966 என்ற காட்டுப் பாசிப்பயறு இதற்குப் பேர்போனது. அதன் எதிர்ப்பை ஒரே ஓங்கு மரபணு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே பலன் காட்டுவது) கடத்துகிறது. இத்தகைய விதைகளை மரபணு வங்கிகளிடம் கேட்டுப் பெறலாம். காட்டு விதையின் தோல் கடினமானது. லேசாகக் கீறிவிட்டு விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

படி 3: புட்டிச் சோதனை

அவசரப்படக் கூடாத இடம் இது. வயலிலிருந்தே விதைக்குள் வண்டு புகுந்து வந்திருக்கலாம். அதனால் நன்கு காய்ந்த விதையை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். பிறகு வகைக்கு மூன்று புட்டி, புட்டிக்கு 50 விதை. ஒவ்வொன்றிலும் ஐந்து இணை வண்டுகளை விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, மூன்று நாள் கழித்து வண்டுகளை வெளியேற்றுங்கள். எளிதில் தாக்கப்படும் ரகம் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். அதிலும் வண்டு வளரவில்லை என்றால் சோதனையே பிசகிவிட்டது என்று பொருள்.

இனி உருப்பெருக்கியில் பாருங்கள். புது முட்டை விதைத்தோலில் ஒட்டிய பளபளப்பான துளிபோல, உள்ளே தெரியும்படி இருக்கும். புழு பொரித்து, முட்டையின் அடிப்பக்கமாகவே விதைக்குள் துளைத்து இறங்கும்போது, கழிவையும் துகளையும் ஓட்டுக்குள் தள்ளிவிடும். அப்போது முட்டை பால்போல வெளுத்துவிடும். வெள்ளை முட்டை இருந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் வண்டு வெளிவரவில்லை என்றால், அந்த விதை உண்மையாகவே எதிர்த்திருக்கிறது. முட்டையே இல்லாத விதையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தப்பியது.

பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951இல் செடிகளின் பூச்சி எதிர்ப்பை வகுத்த மூன்று பிரிவுகள் இங்கே கைகொடுக்கும். முட்டை குறைவாக இருந்தால் பூச்சிக்கு அந்த விதை பிடிக்கவில்லை. புழு உள்ளேயே செத்தால், விதையில் உள்ள ஏதோ ஒன்று அதன் வளர்ச்சியைக் கெடுக்கிறது. மூன்றாவதான தாங்கும் திறன், அதாவது சேதப்பட்டும் விளைச்சல் தருவது, சேமித்த விதைக்குப் பொருந்தாது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

படி 4: கலப்பு

பாசிப்பயறு தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும்; பூ விரிவதற்கு முன்பே மகரந்தப்பை வெடித்துவிடும். ஆகவே மறுநாள் விரியவிருக்கும் மொட்டை முதல்நாள் மாலையே தேர்ந்தெடுத்து, சுருண்ட படகிதழை மெல்லக் கீறி, பத்து மகரந்தத்தாள்களையும் நுண்ணிய இடுக்கியால் எடுத்துவிடுங்கள். காலையில் காட்டுச் செடியின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, நூல் கட்டி அடையாளமிடுங்கள். பல மொட்டுகள் உதிரும். மனம் தளராமல் நிறையச் செய்யுங்கள்.

நல்ல ரகத்தையே தாயாக வையுங்கள். அப்போதுதான் முதல் தலைமுறைச் செடி தாயை அப்படியே உரித்து வைத்திருந்தால் கலப்பு நடக்கவில்லை என்று தெரியும். அதைப் பிடுங்கிவிடலாம்.

படி 5: இரண்டாம் தலைமுறை

விதைத்தோல் தாய்ச்செடியைச் சேர்ந்தது. புழு தின்னும் பருப்போ அடுத்த தலைமுறை. அதனால் முதல் தலைமுறைச் செடியில் காய்த்த விதைகளையே ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். வெள்ளை முட்டை உள்ள 160 விதையில் ஏறக்குறைய 120 வண்டு வெளிவராமல் நின்றால், எதிர்த்தவை மூன்றுக்கு எதிர்க்காதது ஒன்று (3:1) என்ற விகிதம் சரி. அந்த 120இலும் சுமார் 40தான் நிலைத்த எதிர்ப்புள்ளவை, அதாவது வாரிசுகள் அத்தனையும் எதிர்ப்போடு இருப்பவை. எவை என்று கண்ணால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் தனித்தனியாக விதைத்து, செடிவாரியாக விளைச்சலைச் சோதியுங்கள். ஒரு விதையில்கூட வண்டு வெளிவராத செடிகளே வேண்டியவை.

படி 6: பின்கலப்பு

காட்டுத் தந்தை கூடவே சிறுவிதை, கொடியோட்டம், வெடித்துச் சிதறும் காய் ஆகியவற்றையும் தரும். நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்தால் காட்டின் பங்கு சராசரியாக 50, 25, 12.5, 6.25 விழுக்காடு என்று இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் புட்டிச் சோதனையைத் தவறவிட்டால், எதிர்ப்பு மரபணுவும் சேர்ந்தே போய்விடும்.

படி 7: தின்பவரையும் நினையுங்கள்

புழுவைக் கொல்வது உண்பவருக்கும் ஆகாமல் போகலாம். ஆஸ்திரேலியாவில் பீன்ஸ் மரபணுவைப் பட்டாணியில் புகுத்தி வண்டை வெற்றிகரமாகத் தடுத்தார்கள். ஆனால் அந்தப் பட்டாணி சுண்டெலிகளில் நோயெதிர்ப்பு வினையைத் தூண்டியதாக 2005இல் ஆய்வு முடிவு வெளிவந்தது, திட்டம் கைவிடப்பட்டது. காட்டு உறவிலிருந்து வந்த எதிர்ப்புக்கும் இதே கவனம் தேவை. உணவுப் பாதுகாப்புச் சோதனை முடியும்வரை உங்கள் விதையை யார் அடுப்பிலும் ஏற்றக் கொடுக்காதீர்கள்.