கிளினிக்கல் டிரயல்: எத்தனை நோயாளிகள், எந்தச் சோதனை?

கிளினிக்கல் டிரயலுக்கு, அதாவது சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கு, எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கேள்விக்கு, எந்த விளைவை அளக்கப் போகிறோம் என்பது முடிவாகும் வரை விடை கிடையாது. இரு மருந்துகள் தரப்பட்ட இரு குழுக்களின் சிஸ்டாலிக் (மேல் அளவு) ரத்த அழுத்தத்தை 12 வாரங்களுக்குப் பின் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படியாக, சிகிச்சையில் பொருட்படுத்தத்தக்க மிகக் குறைந்த வேறுபாட்டைத் தீர்மானியுங்கள். இங்கே 5 மி.மீ. என்று கொள்வோம். அதைச் சொல்ல வேண்டியவர் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே, புள்ளியியலாளர் அல்லர்.

அடுத்தது திட்ட விலக்கம், அதாவது நோயாளிக்கு நோயாளி அளவு எவ்வளவு மாறுபடுகிறது என்பது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முன்பு வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் 140 ± 2 என்று இருந்தால் அந்த 2 திட்டப் பிழையாகவும் (சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) இருக்கலாம் என்பதால், அடிக்குறிப்பைப் படிக்காமல் அதை எடுத்தாளாதீர்கள். அது 36 பேரிடம் கிடைத்த திட்டப் பிழை என்றால், திட்ட விலக்கம் 2 × √36, அதாவது 12.

5% பிழை வரம்புக்கும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80% பவருக்கும் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) உரிய எண்கள் முறையே 1.96, 0.84 என்பதால் சூத்திரம் எளிது: 2 × (1.96 + 0.84)² × 12² ÷ 5². விடை குழுவுக்கு 91 பேர். 12க்குப் பதில் 2 என்று இட்டிருந்தால் 3 பேர் போதும் என்று வந்திருக்கும்! எதிர்பார்க்கும் வேறுபாட்டைப் பாதியாக்கினாலோ எண்ணிக்கை நான்கு மடங்காகும்.

இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் ஜி-பவர் மென்பொருளும் இலவசம்தான், ஆயினும் நான் ஆர் மென்பொருளையே பரிந்துரைப்பேன், ஏனெனில் அதன் ஒற்றை வரிக் கட்டளையை ஆய்வுத் திட்டத்தில் அப்படியே சேர்த்துவிட்டால் எத்திக்ஸ் கமிட்டியில் எவரும் சரிபார்க்கலாம்.

இனி, முடிவுகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை. அதைத் தரவின் வகை தீர்மானிக்கும். இரு சராசரிகளுக்கு டி-சோதனையும், குணமானார் அல்லது ஆகவில்லை என்ற வகைக்குக் கை-வர்க்கச் சோதனையும், அந்த வகை அட்டவணையின் கட்டங்களில் எதிர்பார்ப்பு எண்ணிக்கைகள் 5க்கும் கீழே போனால் ஃபிஷர் சோதனையும், மரணம் போன்ற ஒரு நிகழ்வு வரையிலான காலத்துக்கு லாக்-ரேங்க் சோதனையும் பொருந்தும். தேர்ந்த சோதனையை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். தரவைப் பார்த்த பிறகு மாற்றுவது முறையன்று. இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் சி.டி.ஆர்.ஐ. எனும் இந்தியக் கிளினிக்கல் டிரயல் பதிவேட்டில் பதிவு கட்டாயம் என்பதால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இவை உறுதியாகியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: மென்பொருள் 92 என்று காட்டுவதேன் எனச் சிலர் கேட்டிருந்தனர். அது சூத்திரத்தின் இயல்நிலைப் பரவலுக்குப் பதில் சற்று அகன்ற டி-பரவலைப் பயன்படுத்துகிறது, 92ஐயே கொள்ளுங்கள். பாதியில் விலகுவோர் 15% என்றால் 92ஐ 1.15 ஆல் பெருக்காமல் 0.85 ஆல் வகுக்க வேண்டும். பெருக்கினால் 106 பேர். அவர்களில் 15% விலகினால் 90 பேரே மிஞ்சுவர். வகுத்தால் குழுவுக்கு 109 பேர்.