நெற்றி ஓரத்துக் குட்டி முடி: வளர விடாமல் நாமே செய்கிற வேலைகள்

கோலாலம்பூரில் காலையில் படிய வாரிக்கொண்டு கிளம்பினால் எல்.ஆர்.டி. நிலையத்துக்கு நடந்து போவதற்குள் நெற்றி ஓரத்துக் குட்டி முடியெல்லாம் தனியாக எழுந்து நிற்கும். இங்கே காற்றின் ஈரப்பதம் வருடம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. முடியில் உள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டதும் அவிழ்ந்து வேறு மாதிரி சேர்ந்துகொள்ளும், வாரி வைத்த வடிவம் போய்விடும். நீளமான முடிக்கு அதன் எடையே கொஞ்சம் பிடிமானம். இரண்டு அங்குல முடிக்கு அதுவும் இல்லை. உடனே ஜெல், எண்ணெய், இறுக்கமான கிளிப், அப்புறம் யாரோ சொன்ன வெங்காயச் சாறு என்று ஆரம்பித்துவிடுகிறோம். அது என்ன முடி என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

நெற்றி ஓரத்தில் குட்டையாக நிற்பது மூன்று வகையாக இருக்கலாம்: பிறவியிலேயே அங்கே இருப்பது, கொட்டிய இடத்தில் புதிதாக முளைப்பது, நீளமாக இருந்து பாதியில் உடைந்தது. ஜன்னல் பக்கம் நின்று, குட்டி முடிக்குப் பின்னால் ஒரு வெள்ளை டிஷ்யூவைப் பிடித்து, நுனியைப் பாருங்கள். புதிதாக முளைத்தது நுனியில் மெலிந்து கூராக முடியும். உடைந்ததன் நுனி மொட்டையாகவோ பிளந்தோ இருக்கும், ஆளுக்கொரு நீளத்தில் நிற்கும், அடியிலிருந்தே மற்ற முடியின் தடிமன் இருக்கும். ஏற்கெனவே கத்தரி பட்ட இடமென்றால் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் வெட்டிய முடிக்குக் கூர்நுனி திரும்ப வராது. பிறவி முடியா என்று சந்தேகமிருந்தால் தமிழ்ப்பள்ளியில் எடுத்த குழுப் படத்தைத் தேடுங்கள். அதிலும் அதே சுருள் அதே இடத்தில் நின்றால் விஷயம் முடிந்தது.

பிறவி முடியை இடுப்பு வரை வளர்க்கப் பார்ப்பது வீண் செலவு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், ஒவ்வொரு முடியும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளர்ந்துவிட்டு உதிரும். நெற்றி விளிம்பில் உள்ள மெல்லிய முடிக்கு அந்த வளரும் காலமே குறைவு. அது தன் நீளத்தை எட்டியதும் நின்றுவிடும், எந்த சீரம் தடவினாலும் அதை நீட்ட முடியாது. அறுபது எழுபது வெள்ளி கொடுத்து வாங்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக முளைத்த முடி விஷயத்தில் நடக்கும் தவறு அவசரம். பிள்ளை பெற்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பாட்டிகள் சொல்வார்கள் இல்லையா, காலக்கணக்கு அவர்கள் சொல்வதுதான், காரணம்தான் வேறு. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடியெல்லாம் பிரசவத்துக்குப் பிறகு சேர்ந்தாற்போல் ஓய்வுக்குப் போகும், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும், குழந்தை சிரிப்பதும் அந்த நேரம்தான். டெங்கி காய்ச்சல் வந்து போனவர்களுக்கும் இதே கணக்கு, காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் முடி தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் மாதம் ஒரு சென்டிமீட்டர் என்றால், முளைத்தது காதுக்குப் பின்னால் ஒதுக்குகிற நீளம் வர ஒரு வருடம் ஆகத்தான் செய்யும். நடுவில் அது நட்டுக்கொண்டு நிற்கிற ஐந்தாறு மாதத்தில்தான் பொறுமை போய், வெட்டுவதும் இழுத்துக் கட்டுவதும் நடக்கிறது.

இறுக்கிக் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைப் பாருங்கள். புருவமே மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்து வாரி, சவுரி வைத்துப் பின்னி, ஊசி குத்தி, பூ வைத்து, நெற்றிச்சுட்டியின் கொக்கியையும் அந்த முன்முடியிலேயே மாட்டிவிடுகிறோம். அரங்கேற்றத்தன்று ஒரு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் பள்ளிக்கும் அதே இறுக்கம், பெரியவர்களானதும் வேலைக்கு அதே உச்சிக்கொண்டை என்று வருடக்கணக்கில் போனால் வேர் தளர்ந்து, விளிம்பு பின்னால் நகரும். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. கொண்டைக்குள் சிக்குகிற நீள முடிதான் இழுபட்டுப் போகும், கையில் சிக்காத குட்டையான மெல்லிய முடி மட்டும் விளிம்பில் ஒரு வரிசையாக மிஞ்சும். அதைப் பார்த்து "ஆகா, பேபி ஹேர் வருது" என்று சந்தோஷப்படுகிறோம். தோல் மருத்துவர்களுக்கோ அந்த வரிசைதான் இழுப்பினால் வந்த முடி இழப்புக்கு அடையாளம். குட்டி முடி வரிசைக்கும் அடர்ந்த முடிக்கும் நடுவில் தோல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கட்டுவதை இன்றைக்கே தளர்த்துங்கள். ஆரம்பத்தில் விட்டுவிட்டால் திரும்ப முளைக்கும். பல வருடம் இழுத்து வேர்க்காலே தழும்பாகிவிட்டால் முளைக்காது.

கொண்டையை அவிழ்த்ததும் "அப்பாடா" என்று இருக்கிறதா, கட்டிய இடத்தில் வலியோ சின்னச் சின்னக் கொப்புளமோ இருக்கிறதா, அதெல்லாம் அதிகம் இழுக்கிறோம் என்று தலையே சொல்வது. வகிட்டை அடிக்கடி மாற்றுங்கள், கொண்டையைக் கழுத்துப் பக்கம் இறக்குங்கள், ரப்பர் பேண்டை விட்டுவிட்டுத் துணி சுற்றிய பேண்டுக்கு மாறுங்கள், தூங்கும்போது தளர்வான பின்னல் போதும். குளித்த கையோடு ஈரத்தலையைக் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவதும் இதில் சேர்த்தி. ஈரமான முடி அதிகம் நீளும், சீக்கிரம் அறுந்தும் போகும்.

அடுத்தது ஜெல். படிய வைப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன், கல்யாண மண்டபத்தில் போட்டோவுக்கு நிற்கும்போது எல்லாருக்கும் அது வேண்டியிருக்கிறது. காய்ந்து கெட்டியாகும் ஜெல்லைத் தினமும் அப்பி, சாயங்காலம் அதன் மேலேயே சீப்பைப் போட்டு இழுப்பதுதான் பிரச்சினை. காய்ந்த ஜெல்லோடு மெல்லிய முடியும் ஒடியும். பழைய டூத்பிரஷ் வைத்துப் பின்பக்கமாக அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். விரல் நுனியில் பட்டாணி அளவு கற்றாழை ஜெல் எடுத்து, முடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தடவி, ஒரு மெல்லிய துணியை ஐந்து நிமிடம் கட்டி வைத்து எடுத்தால் போதும். எதிர்த்து வாரினால் வெளியே போன பத்தாவது நிமிடம் எழுந்து நிற்கத்தான் போகிறது. இரவில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கழுவிவிடுங்கள்.

எண்ணெய் என்றதும் சண்டைக்கு வருவார்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்றே காட்டியிருக்கிறது. குளிப்பதற்கு முன் தடவி, ஊறவைத்து, அலசுங்கள், நல்லது. ஆனால் நெற்றி ஓரத்தில் வழிய வழிய வைத்துக்கொண்டு இந்த வெயிலில் நாள் முழுக்கச் சுற்றினால் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து நெற்றியில் பரு வரும், பொடுகு இருப்பவர்களுக்குப் பொடுகு கூடும். விளக்கெண்ணெய் குட்டி முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, அதன் பிசுக்கைப் போக்கத் தேய்க்கிற தேய்ப்பில் இருக்கிற முடியும் போகும். வெங்காயச் சாறு சிலருக்குத் தோலை எரித்துவிடும். பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் மாத்திரை, உடலில் அது குறைவாக இருப்பவர்களுக்குத்தான் உதவும். அதோடு தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே அது குழப்பிவிடும், எடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சூடும் ரசாயனமும் மெல்லிய முடியைத்தான் முதலில் பிடிக்கும். தலை முழுக்க 200 டிகிரியில் அயர்ன் செய்துவிட்டு அதே சூட்டை நெற்றி ஓரத்திலும் வைக்காதீர்கள். 150க்குக் கீழே இறக்கி, நன்றாகக் காய்ந்த முடியில், ஒரே ஒரு இழுப்பு. ரீபாண்டிங், அதாவது மருந்து போட்டு முடியை நேராக்குவது, செய்தவர்கள் வேர்ப்பக்கம் வளர்ந்ததும் டச்சப்புக்குப் போகும்போது, முன்ஓரத்தில் ஏற்கெனவே மருந்து பட்ட முடியின் மேல் திரும்பவும் மருந்து படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், குட்டி முடியை விட்டுவிடவே சொல்லுங்கள். அங்கே உடைந்தால் மறைக்க வழியில்லை.

சிரைப்பது, நூல் போடுவது, பிடுங்குவது மூன்றும் வேண்டாம். திரும்ப வரும்போது ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நிற்கும், திரும்பத் திரும்பப் பிடுங்கினால் சில இடத்தில் வராமலே போகலாம். சிரைத்தால் அடர்த்தியாகும் என்பதும் இல்லை, வெட்டுப்பட்ட நுனி தடவினால் சொரசொரப்பாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் குழந்தைக்கு மொட்டை போடுவது வேண்டுதலுக்காக, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். முடி அடர்த்திக்காக என்றால் கத்தி வேர்க்கால் வரைக்கும் போவதே இல்லை.

மோட்டாரில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் ஒரு வழுவழுப்பான மெல்லிய துணி கட்டிக்கொள்ளலாம், உரசல் குறையும்.

இனி டாக்டரிடம் போக வேண்டிய கட்டம். விளிம்பு பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது, குட்டி முடியே காணாமல் போய் அந்தத் தோல் வழவழவென்று இருக்கிறது, புருவமும் மெலிகிறது, முடியைச் சுற்றிச் சிவந்து அரிக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் மாதங்களை ஓட்டாதீர்கள். முன்நெற்றி முடியின் வேர்க்காலைத் தழும்பாக்கி அழிக்கும் நோய் ஒன்று இருக்கிறது, 1994இல்தான் மருத்துவ இதழில் முதலில் விவரிக்கப்பட்டது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருவது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற முடியும், அதற்குச் சீக்கிரம் போக வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் தோல் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அதை மருந்தாளரிடமோ டாக்டரிடமோ கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொடவே வேண்டாம். முதல் சில வாரம் சிலருக்கு முடி கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்திவிடுவார்கள். நாலு மாதமாவது பார்க்காமல் வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. நெற்றியில் வழிய விட்டால் நெற்றியிலும் முடி வரும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் பெயர் தெரியாத பாட்டிலில் வருவதை வாங்காதீர்கள். மலேசியாவில் பதிவான மருந்தின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும், அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. எண். மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

வளர்கிற காலத்தில் அசிங்கமாக இருக்கிறதே என்பவர்கள் சலூனில் முன்பக்கம் மட்டும் இரண்டு மூன்று குட்டை லேயர் வெட்டச் சொல்லுங்கள். முளைத்துக்கொண்டிருப்பதைத் தொடாமல், பக்கத்தில் உள்ள நீள முடியை அதன் அளவுக்கு இறக்கிக் கொண்டுவந்தால் தனியாகத் தெரியாது.