பெர்த்தா போயே மாதிரி ஒரு போஸ்டர் வரைவது எப்படி

1911-ல் கலிபோர்னியாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் பிரச்சாரம் நடந்தபோது, சான் பிரான்சிஸ்கோவில் அதற்காக ஒரு போஸ்டர் போட்டி வைத்தார்கள். 50 டாலர் பரிசை வென்றவர் பெர்த்தா போயே. நீளமான மடிப்புடையில் ஒரு பெண் நேராக நிற்கிறாள், கையில் ‘பெண்களுக்கு ஓட்டு’ என்று ஆங்கிலத்தில் எழுதிய துணி, தலைக்குப் பின்னால் மறைகிற சூரியன். அவ்வளவுதான் படம். போஸ்டர் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு சார்ட் பேப்பர், மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று மூன்று போஸ்டர் கலர் போதும்.

பெரும்பாலும் நாம் முகத்தில்தான் ஆரம்பிப்போம். வேண்டாம், சூரியனை முதலில் போடுங்கள். தாளின் மேல்பகுதியில் நடுவாக ஒரு டிபன் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, தலை அதற்குள் சரியாக உட்காரும்படி வரையுங்கள். சூரியனே ஒளிவட்டமாகிவிடும், சாமி படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பெண்ணின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னால் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் நீரிணையும் குன்றுகளும் வரும், இப்போது அதன்மேல் இருக்கிற பாலத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள், அது திறந்ததே 1937-ல்தான்.

உடை மடிப்புக்கு நாலைந்து தடித்த கோடு போதும், நிழல் தீட்ட வேண்டாம். மஞ்சளைத் தாராளமாகப் பூசுங்கள். 1867-ல் கான்சாஸ் மாநிலத்தில் நடந்த ஓட்டுரிமைப் பிரச்சாரத்தில் சூரியகாந்தியை அடையாளமாக வைத்ததிலிருந்து, அமெரிக்காவில் ஓட்டுரிமை கேட்ட பெண்களின் நிறம் அது.

அப்புறம் எழுத்து. இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். போயே வாசகத்தை அடியில் தனியாக ஒட்டாமல் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார், நீங்களும் அப்படியே செய்யுங்கள். தமிழில் எழுதும்போது கொம்பையும் காலையும் தனி எழுத்தாக எண்ணிக் கட்டம் போட வேண்டும்: ‘பெண்களுக்கு ஓட்டு’ என்றால் இடைவெளியோடு 11 கட்டம், ‘ஓ’வுக்குக் கொஞ்சம் அகலமாக. மேலே புள்ளிக்கும் கீழே உகரச் சுழிக்கும் இடம் விட்டு, நடுக் கட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் எழுதிப் போனால் கடைசி எழுத்து நெருக்கியடிக்காது.

பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று 1911 அக்டோபர் 10-ல் கலிபோர்னியாவில் நடந்த வாக்கெடுப்பில் 3,587 ஓட்டு வித்தியாசத்தில்தான் பெண்கள் ஜெயித்தார்கள், ஒவ்வொரு ஓட்டுக்கும் அலைந்திருக்கிறார்கள். தெருவில் நடந்து போகிறவருக்கும் பார்த்தவுடன் புரிய வேண்டிய படம் இது. அதனால் காய்ந்ததும் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வட்டம், தலை, எழுத்து மூன்றும் தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் கறுப்புக் கோட்டை இன்னும் தடியாக்குங்கள்.