ஒயின் பாட்டிலின் எழுத்துகளைத் தரவரிசையாகப் படிக்காதீர்கள்

எங்கள் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் சென்ற மாதம் ஒயின் அலமாரியை ஒழுங்குபடுத்தினார். இத்தாலிய ஒயின் எந்த விதிகளின்படி தயாரானது என்பதைப் பாட்டிலில் உள்ள எழுத்துகள் காட்டும்: மிகக் கடுமையான விதிகளுக்கு டி.ஓ.சி.ஜி., அடுத்து டி.ஓ.சி., தளர்வானவற்றுக்கு ஐ.ஜி.டி. அவரும் அதே வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தார். டஸ்கனி வட்டாரத்தின் புகழ்பெற்ற சிவப்பு ஒயினான தின்யானெல்லோ, ஐ.ஜி.டி. என்பதால் தரையோரம் கிடந்தது. ஃபுளோரன்ஸுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் அடுக்கினேன். கார்க்கை உடைப்பது, கோப்பையை வழிய ஊற்றுவது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். எழுத்துகளைத் தரவரிசையாக நினைக்கும் இந்தத் தவறு சரியாவதில்லை.

டி.ஓ.சி.ஜி.யைச் சுவைக்கு உத்தரவாதம் என நினைப்பது

தந்தையின் எழுபதாவது பிறந்தநாளைக் கொண்டாட ஒரு குடும்பம் வந்திருந்தது. மகன் ஓர் ஐ.ஜி.டி. பாட்டிலைக் கேட்டார். "அது கீழ்த்தரம்" என்று தடுத்து, கழுத்தில் டி.ஓ.சி.ஜி. என்ற அரசு முத்திரைப் பட்டை ஒட்டிய ஒரு சாதாரணக் கியாந்தியை, அதாவது டஸ்கனியின் சிவப்பு ஒயினை, திறந்தேன். பெரியவர் ஒரு வாய் பருகிவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவர்கள் மறுபடி வரவேயில்லை. தெரிந்து கேட்டவரைத் தெரியாதவன் திருத்தினேன் என்ற எரிச்சல் இன்றும் ஆறவில்லை.

1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி. என்ற எழுத்துகள் விதிகளைப் பற்றியவை: எந்த நிலம், எந்தத் திராட்சை, எவ்வளவு விளைச்சல், எத்தனை மாதம் முதிர வேண்டும். டி.ஓ.சி.ஜி. ஒயினை ஒரு குழு சுவைத்துப் பார்ப்பது உண்மைதான். ஆனால் வட இத்தாலியின் சிவப்பு ஒயினான பரோலோ என்றால் அது பரோலோவுக்குரிய இயல்போடு இருக்கிறதா என்பதே அவர்கள் முன் உள்ள கேள்வி.

விதியே தடையாக இருந்த காலமும் உண்டு. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி கியாந்தியில் வெள்ளைத் திராட்சையும் சேர்த்தாக வேண்டும். ஒயின் தயாரிக்கும் அந்தினோரி குடும்பம் அந்த விதிகளின் வட்டத்தை விட்டு வெளியேறி, 1971ஆம் ஆண்டு அறுவடைத் தின்யானெல்லோவை வெறும் 'மேசை ஒயின்' என்ற பெயரில் விற்றது. டஸ்கனிக் கடலோரம் போல்கெரியில் விளையும் சாசிகாயா என்ற சிவப்பு ஒயினுக்கும் அன்று அதே பெயர்தான்; அங்கே சிவப்பு ஒயினுக்கு டி.ஓ.சி. கிடைத்தது 1994இல். இத்தகைய ஒயின்களுக்கு 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஐ.ஜி.டி. என்ற இடத்தைத் தந்தது. தின்யானெல்லோ இன்றும் அங்கேயே இருக்கிறது. சாசிகாயா டி.ஓ.சி.யோடு நிற்கிறது. இரண்டின் விலையையும் ஒரு சாதாரண டி.ஓ.சி.ஜி. கியாந்தியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கியாந்தியும் கியாந்தி கிளாசிக்கோவும் ஒன்றெனக் கொள்வது

1996 முதல் இரண்டும் தனித்தனி டி.ஓ.சி.ஜி.க்கள். முன்னதில் சாஞ்சொவேசே திராட்சை குறைந்தது 70 சதவீதம், பின்னதில் 80. கிளாசிக்கோ பாட்டிலில் கருஞ்சேவல் சின்னம் இருக்கும்.

மொந்தெபுல்சானோ

டஸ்கனியில் அது ஊர். அப்ருட்ஸோ வட்டாரத்தில் அது ஒரு திராட்சை வகை. ஊர்ப் பெயர் தாங்கிய 'வினோ நோபிலே' ஒயினில் முதன்மையான திராட்சை சாஞ்சொவேசே.

ரிசர்வா

பாட்டிலில் இந்தச் சொல் இருந்தால் முதிரக் கூடுதல் காலம், அவ்வளவே. பரோலோவுக்கு 38 மாதம், ரிசர்வாவுக்கு 62.

சுப்பீரியோரே

பெரும்பாலும் ஆல்கஹால் சற்றுக் கூடுதல்.

சென்ற மாதம் அவர் அலமாரியை அடுக்கிய அன்று மாலை அந்தப் பெண்ணும் நானும் எல்லாப் பாட்டில்களையும் இறக்கி, ஊர்வாரியாக, ஒவ்வோர் ஊருக்குள்ளும் தயாரிப்பாளர்வாரியாக அடுக்கினோம். தின்யானெல்லோ கியாந்தி கிளாசிக்கோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் தோட்டம் இருப்பதும் அந்தக் குன்றுகளில்தான்.