மின்காந்த ஓட்டமானி: எண்ணைத் திருத்துவதற்கு முன் குழாயைப் பாருங்கள்

மின்காந்த ஓட்டமானியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. காந்தப்புலத்தின் குறுக்கே ஓடும் நீரில் ஃபாரடே விதிப்படி தோன்றும் சிறு மின்னழுத்தத்தை இரண்டு எலக்ட்ரோடுகள் எடுத்துத் தருகின்றன. அதிலிருந்தே ஓட்ட அளவு கணிக்கப்படுகிறது. சுழன்று தேயும் பாகம் இல்லாததால் இதன் அளவுத்திருத்தம் (காலிப்ரேஷன்) தானாக நகர்வது அரிது. ஆயினும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் உள்வரும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் கணக்கு ஒத்துவராதபோது, சிக்னலை ஓட்ட எண்ணாக மாற்றிக் காட்டும் மின்னணுப் பெட்டியான டிரான்ஸ்மிட்டரின் மெனுவைத் திறந்து எண்ணை மாற்றுவதே முதல் வேலையாகிவிடுகிறது.

அப்படிச் செய்யும் மாற்றங்களுள் மிகுந்த சேதம் விளைவிப்பது, பூஜ்யத்தை, அதாவது ஓட்டமே இல்லாதபோது காட்டவேண்டிய அளவை, தவறான நிலையில் பதிவு செய்வது. குழாய் முழுவதும் நிரம்பி, நீர் அசைவற்று நிற்கும்போது மட்டுமே அதைச் செய்யலாம். பம்பை நிறுத்தியதும் குழாய் வடிந்துவிட்டால் எலக்ட்ரோடுகள் காற்றில் நிற்கும். அப்போது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. வால்வு கசிந்து மணிக்கு 0.5 கன மீட்டர் ஓடும்போது பூஜ்யத்தை அழுத்தினால், அந்த அளவு அன்றுமுதல் எல்லா ஓட்டத்திலும் கழிந்துகொண்டே இருக்கும். மணிக்கு 10 கன மீட்டர் ஓடும் குழாயில் அது 5 சதவீதம். ஒரு நாளில் 12 கன மீட்டர்.

டிரான்ஸ்மிட்டர் பழுதாகி வேறொன்றை மாட்டும்போது, குழாயில் பொருத்திய அளவிடும் பாகமான சென்சாரின் பெயர்த்தகட்டில் பொறித்துள்ள அளவுத்திருத்தக் காரணியையும் குழாய் விட்டத்தையும் உள்ளிட மறப்பதும் அடிக்கடி நிகழ்வது. அந்தக் காரணி அந்தச் சென்சாருக்கே உரியது. ஓட்ட அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் வெளியீட்டின் உச்ச அளவு, டிரான்ஸ்மிட்டரில் 50 என்றும் அதைப் பெறும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யில் 60 என்றும் இருந்தால் மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண்கள் சரியாக இருந்தும் அளவு தவறினால், காரணம் பெரும்பாலும் குழாயில்தான் இருக்கும். அரைகுறையாக நிரம்பிய குழாயையும் மீட்டர் நிரம்பியதாகவே கருதுவதால் அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே நீர் மேல்நோக்கிச் செல்லும் செங்குத்துக் குழாயே இதற்கு நல்ல இடம். கிடைக்குழாயில் வைத்தால் எலக்ட்ரோடுகள் பக்கவாட்டில் அமைய வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 5 மடங்கும் பின்னால் 2 மடங்கும் நேர்க்குழாய் வேண்டும் என்பது பொதுவான அளவு. குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் உள்ளே துருத்தி நின்றால் இந்த ஏற்பாட்டையெல்லாம் கெடுத்துவிடும். 100 மி.மீ. குழாயில் மணிக்கு 5 கன மீட்டர் மட்டுமே ஓடினால் வேகம் வினாடிக்கு 0.18 மீட்டராகச் சுருங்கும்; சிக்னலும் அதனோடு சிறுத்துவிடும். அங்கே 50 மி.மீ. மீட்டருக்குக் குழாயைக் குறுக்கினால் அது 0.7 மீட்டரைத் தொடும். குழாய் அளவுக்கே மீட்டர் வாங்கும் வழக்கத்தை விடுவது நல்லது.

பி.வி.சி. குழாயிலும் உள்பூச்சு உள்ள இரும்புக் குழாயிலும் நீரை மீட்டரின் எர்த்துடன் இணைக்கும் உலோக வளையம் (எர்த் வளையம்) இல்லாமல் பொருத்துவது, செலவு மிச்சம் என்ற பெயரில் நடக்கும் தவறு. சிக்னல் மில்லிவோல்ட் அளவிலேயே இருப்பதால், நீருக்கும் மீட்டருக்கும் பொதுவான மின்புள்ளி இல்லையென்றால், பக்கத்து மோட்டாரின் இரைச்சலே ஓட்டமாகத் தோன்றும். எண் துள்ளுவதை மறைக்க டேம்பிங்கை, அதாவது அளவைச் சராசரியாக்கிக் காட்டும் நேரத்தை, கூட்டுவது நோயை விட்டு வெப்பமானியை மூடிவைப்பது போன்றது.

பராமரிப்பில் எலக்ட்ரோடுகளின் மேல் சேரும் படிவே முதல் கவலை. எண்ணெய்ப் பசையும் சுண்ணாம்புப் படிவும் சிக்னலை அலைபாய வைக்கும். இரும்பு ஆக்சைடு போன்ற கடத்தும் படிவு அதைக் குறைத்துவிடும். கம்பியால் சுரண்டினால் மீட்டரின் உட்பூச்சான லைனிங் கிழியும். மென்மையான துணியும், லைனிங்குக்கு ஒத்துவரும் கரைசலும் போதும். காப்புத்தடையை, உயர் மின்னழுத்தம் செலுத்தும் மெக்கர் கருவியால் சோதிக்கையில் டிரான்ஸ்மிட்டரின் இணைப்பைக் கழற்றாவிட்டால் அதன் மின்னணுப் பலகை கருகிவிடக்கூடும்.

சென்சாருக்குப் பதிலாகப் போலிச் சிக்னல் தரும் சிமுலேட்டர் கொண்டு செய்யும் சோதனையை அளவுத்திருத்தம் என்று பதிவேட்டில் எழுதக் கூடாது. அது டிரான்ஸ்மிட்டரை மட்டுமே சோதிக்கிறது. குழாய்க்குள் இருக்கும் லைனிங்கையோ படிவையோ அது பார்ப்பதில்லை. உண்மையான திருத்தத்துக்கு, எடையிட்டோ தரமான மீட்டருடன் ஒப்பிட்டோ சோதிக்கும் ஆய்வகத்துக்குச் சென்சாரையும் டிரான்ஸ்மிட்டரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில், அளவு தெரிந்த தொட்டியை நிரப்பி நேரத்தைக் குறித்துப் பார்ப்பது, குழாய்க்கு வெளியே கட்டும் அல்ட்ராசானிக் மீட்டருடன் ஒப்பிடுவதைவிடப் பல வேளைகளில் நம்பகமானது.