மீன் தொட்டி பம்ப்பில் ஒரு ஹாட் ஏர் சால்டரிங் கருவி

சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கி, போர்டிலிருந்து சின்னச் சின்ன பாகங்களைக் கழற்றும் கருவி இது. தேவையானவை: ரப்பர் பல்பு வைத்த டீசால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுப்பது, 40 முதல் 45 வாட்), மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் பம்ப், சிலிக்கான் குழாய், T இணைப்பு, சின்ன வால்வு, பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் கம்பி நார். அயர்னை வாங்கும்போதே உள்ளே பாருங்கள்: முனையிலிருந்து பல்புக்குப் போகும் குழாய் ஹீட்டருக்கு நடுவில் போக வேண்டும். பக்கவாட்டில் ஓடும் வகையில் காற்று சூடாகாது.

முதலில் துளையில் தங்கிய பழைய ஈயத்தை (சால்டரை) சூடாக்கி, கம்பியால் குத்தி முழுக்க எடுத்துவிடுங்கள். விட்டால், பம்ப் ஓடியதும் உருகிய ஈயம் துளித்துளியாகத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பல்பைக் கழற்றி, ஹீட்டர் குழாய்க்குள் கம்பி நாரைத் தளர்வாகத் திணியுங்கள். வெறும் குழாயில் காற்று சுவரை உரசிக்கொண்டு ஓடிவிடும். நார் இருந்தால் ஒவ்வொரு இழையும் அதற்குச் சூடு கொடுக்கும். இறுக்கித் திணித்தால் காற்றே வராது. சாதாரண இரும்பு நார் சீக்கிரம் துருப்பிடித்துப் பொடியாகும், வேண்டாம். பின்பக்கக் குழாயில் சிலிக்கான் குழாயை மாட்டுங்கள். பம்ப்போடு வரும் பிவிசி குழாய் அங்கே இளகி நழுவும்.

இனி காற்றின் அளவு. எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். நிமிடத்துக்கு 3 லிட்டர் காற்றை 300 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 18 வாட் போதும். 10 லிட்டர் என்றால் 60 வாட் வேண்டும், இந்த அயர்னால் அது முடியாது. பெரிய பம்ப் போட்டால் வெதுவெதுப்பான காற்றுதான் வரும், 0603 அளவு ரெசிஸ்டர் போன்ற மிகச் சிறிய பாகங்களும் பறந்துவிடும். ஆகவே T இணைப்பில் வால்வை வைத்து உபரிக் காற்றை வெளியே விடுங்கள். குழாயை நெருக்கி அடக்கினால் பம்ப்பின் ரப்பர் சவ்வு வீணாகும்.

முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளி தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி) வைத்து 300 முதல் 350 டிகிரி செல்சியஸ் வருகிறதா பாருங்கள். 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம் கலந்த சால்டர்) 183 டிகிரியில் உருகும். காரீயமில்லாத சால்டருக்கு 217க்கு மேல் வேண்டும். சூடு கூடினால் டிம்மரில் குறையுங்கள். டிம்மர் அயர்னுக்கு மட்டும்தான், பம்ப்பை அதில் சேர்க்காதீர்கள். அயர்னின் உலோக உடலுக்கு எர்த் கட்டாயம்.

எட்டுக் கால் ஐசி ஒன்றைக் கழற்ற: கால்களில் ப்ளக்ஸ் (ஈயம் நன்றாக உருகி ஓட உதவும் பசை) தடவி, முனையை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். மங்கலாக இருந்த ஈயம் சட்டென்று பளபளக்கும். அப்போது ட்வீசரால் தூக்குங்கள். அதற்கு முன் இழுத்தால் செம்புத் தடம் போர்டிலிருந்து உரிந்து வரும்.

இதையே ஈயம் உறிஞ்சவும் பயன்படுத்தலாம். நாரை எடுத்துவிட்டு, பம்ப் காற்றை உள்ளிழுக்கும் வாயில் குழாயை இணைத்து, நடுவே பஞ்சு வைத்த கண்ணாடிக் குப்பி ஒன்றைப் பொருத்துங்கள். ஈயம் குப்பியில் தங்கும், பம்ப் பிழைக்கும்.

ஊதும்போது எப்போதும் காற்று முதலில், சூடு பிறகு. அணைக்கும்போது சூட்டை நிறுத்தி, முனை ஆறும்வரை பம்ப் ஓடட்டும்.