உப்புநீரில் இறங்கும் டிரெய்லர்: சக்கர பேரிங்கைக் கழற்றி கிரீஸ் மாற்றும் முறை

டிரெய்லர் அச்சு தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல். எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் படகு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அந்த மைல் கணக்கை மறந்துவிடலாம். துவாஸிலிருந்து சாங்கி வரை இழுத்துப் போனாலும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். 12,000 மைல் ஓடுவதற்குள் டிரெய்லரே துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

இங்கே பேரிங் ஓடித் தேய்வதில்லை, நின்று கெடுகிறது. படகை இறக்கும்போது ரேம்ப்பில் சக்கரம் முங்குகிறது. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் கொஞ்சம் உப்புநீர் புகுகிறது. பிறகு டிரெய்லர் மூன்று நான்கு வாரம் அசையாமல் நிற்கிறது. பேரிங்கின் உருளைகள் எந்த இடத்தில் நின்றனவோ அந்த இடத்தில் துரு கடிக்கிறது. அடுத்த முறை விரைவுச்சாலையில் ஏறும்போது அந்தத் துருப்பள்ளங்களின் மேல்தான் உருளைகள் ஓடுகின்றன. ஆகவே கணக்கு வைக்க வேண்டியது கிலோமீட்டரை அல்ல; மாதங்களையும் எத்தனை முறை கடலில் இறங்கியது என்பதையும். சக்கரம் முங்குகிற டிரெய்லருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முங்காததற்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் படகு கரையில் கிடக்கும் டிசம்பர், ஜனவரி இதற்குத் தோதான காலம். படகை ஓரங்கட்டுவதற்கு முன்பே செய்து வைத்தால் இன்னும் நல்லது, ஈரத்தோடு நிற்காது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை மிச்சம். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே உள்ள காற்றும் சூடாக இருக்கும். அப்படியே கடலில் இறக்கினால் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் வளையமான சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. சீல் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். ரேம்ப்புக்கு வந்ததும் இறக்காதீர்கள். கயிறு கட்டுவது, அடிப்பகுதி வடிகால் அடைப்பானைப் போடுவது எல்லாம் முடியட்டும். ஹப் கைக்குச் சூடு தெரியாத நிலைக்கு வர இருபது நிமிடம் ஆகும். கரையேறியபின் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆனால் உயர் அழுத்தக் குழாயைச் சீலுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. கடல் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஹப்புக்கும் அச்சுக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தால் பேரிங். ஸ்பிரிங் பக்கம் மட்டும் அசைந்தால் அது புஷ் (ஸ்பிரிங் முனைத் துளையில் உள்ள உறை) தேய்ந்த கதை. பிறகு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, இன்னொரு கையை ஸ்பிரிங் மேல் வையுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பு விரலுக்குத் தெரியும்.

வாங்கி வைக்க வேண்டியவை

பேரிங் எண் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது கூம்புவடிவ உருளை பேரிங். ஒரு ஹப்புக்கு இரண்டு: உட்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. (சில ஹப்களில் இரண்டும் ஒன்றே.) ஒவ்வொன்றும் இரு துண்டு. உருளைகளோடு வருவது கோன், ஹப்புக்குள் அடித்து இறுக்கியிருப்பது கப். எண் இரண்டிலும் பொறித்திருக்கும். எல் 44643 என்றால் உள்விட்டம் 25.4 மி.மீ., எல் 44649 என்றால் 26.99 மி.மீ.; இரண்டுக்கும் கப் ஒன்றுதான், எல் 44610. இதனால்தான் தவறு நடக்கிறது. கப் பொருந்துகிறது, வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, ஆனால் 44649ஐ 25.4 மி.மீ. அச்சில் போட்டால் லொடலொடவென்று ஆடும். சிறிய டிரெய்லர்களில் வெளிப்பக்கம் எல்எம் 11949, உட்பக்கம் எல்எம் 67048 ஜோடியும் உண்டு. எண் துருவில் அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் அச்சின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர், பேரிங் கடைகளில் எண்ணையோ பழைய பேரிங்கையோ காட்டினால் போதும். சீலுக்கு அச்சின் விட்டம், ஹப் துளையின் விட்டம், தடிமன் மூன்றும் வேண்டும். இரட்டை உதடு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கிரீஸ் என்எல்ஜிஐ 2 தரம் (கெட்டித்தன்மையின் அளவு), கடல்நீர் தாங்கும் சக்கர பேரிங் கிரீஸ். லித்தியம் காம்ப்ளெக்ஸ் அல்லது கால்சியம் சல்ஃபோனேட். டப்பாவில் ஜிசி-எல்பி என்று இருந்தால் அது சக்கர பேரிங்குக்குத் தேறியது என்று பொருள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நீலம், சிவப்பு எல்லாம் வெறும் சாயம். ஒரு வகையை இன்னொன்றின் மேல் வைத்தால், குறிப்பாக லித்தியத்தின் மேல் பாலியூரியாவை வைத்தால், இரண்டும் இளகி ஒழுகலாம். வகை மாற்றுவதென்றால் பழையது துளிகூட இல்லாமல் கழுவ வேண்டும். 400 கிராம் குழல் ஒன்று இரு சக்கரத்துக்குப் போதும்.

இவற்றோடு புது காட்டர் பின்கள் (நட்டு கழலாமல் துளையில் செருகி வளைக்கும் கம்பி; பழையதை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது), மண்ணெண்ணெய், பஞ்சு இழை உதிராத துணி, பித்தளைத் தண்டு, சுத்தியல், டார்க் ரெஞ்ச், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு. அடுக்குமாடி கார் நிறுத்துமிடம் இந்த வேலைக்கு இடமல்ல. படகு வைத்திருக்கும் முற்றத்தில் அனுமதி கேட்டுச் செய்யுங்கள்.

கழற்றுதல்

டிரெய்லரைக் காரோடு பூட்டிய நிலையிலேயே வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியை அச்சுக்குழாயின் நடுவில் வைக்காதீர்கள், குழாய் வளையும். சட்டத்தின் அடியில் அல்லது தயாரிப்பாளர் குறித்த இடத்தில் வைத்துத் தூக்கி, சட்டத்தை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வது கூடாது, மேலே படகு இருக்கிறது.

சக்கரத்தை எடுத்துவிட்டு, தூசு மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றுங்கள். காட்டர் பின், கோட்டை நட்டு (விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்டு), வாஷர், வெளி பேரிங் என்று ஒவ்வொன்றாக வரும். ஹப்பை இழுத்தெடுத்து, சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் கையில் விழும். பழைய சீலைத் திரும்பப் போடும் எண்ணமே வேண்டாம். இடது சக்கரத்துப் பாகங்கள் வலதில் கலக்காமல் தனித்தனி டப்பாவில் வையுங்கள். ஓடிப் பழகிய கோனும் கப்பும் ஜோடி மாறக் கூடாது.

கழுவுவதற்கு முன் பழைய கிரீஸைப் பாருங்கள், பேரிங்கின் வரலாறே அதில் இருக்கிறது. தே தாரிக் நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கோப்பி ஓ போலக் கறுத்துக் காய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. இரு விரலால் தேய்த்து வெயிலில் பிடிக்கும்போது மினுமினுத்தால் அது உலோகத் துகள்.

மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் தங்கினால் புது கிரீஸ் இளகும். காற்றுக் குழாய் வைத்து பேரிங்கைச் சுழற்றி விளையாடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. கிரீஸ் இல்லாத பேரிங் அந்த வேகத்தில் சிதறினால் உருளை கண்ணில்தான் பாயும்.

இப்போது கப்பின் உட்பரப்பை வெளிச்சத்தில் பாருங்கள். உருளைகளின் இடைவெளியிலேயே சமதூரத்தில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால், அதுதான் மேலே சொன்ன நின்று கெட்ட துரு. நகத்தால் வருடும்போது தட்டாத வெறும் கறை என்றால் இன்னொரு பருவம் ஓடும். நகம் தட்டினால் மாற்ற வேண்டும். செதில் பெயர்ந்திருந்தாலோ, நீலம் பாய்ந்திருந்தாலோ, உருளைக் கூடு வளைந்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். கோனை மட்டும் புதிதாகப் போட்டு, பழைய கப்பை விட்டுவைப்பதுதான் பலரும் செய்யும் சிக்கனம். கப் பிடிவாதமாக வெளியே வராது என்பதால். பழைய கப்பின் பள்ளம் புது உருளையைச் சில வாரத்தில் தன் நிலைக்கே கொண்டுவந்துவிடும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள்.

கப்பை எடுக்க, ஹப்புக்குள் அதன் பின்விளிம்பு தெரியும் இடத்தில் பித்தளைத் தண்டை வைத்து, ஒரு தட்டு இந்தப் பக்கம், ஒரு தட்டு எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே பக்கம் அடித்தால் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். புதிய கப்பை ஒரு மணி நேரம் பிரீசரில் வைத்து, ஹப்பை மதிய வெயிலில் போட்டு வைத்தால் பாதி தூரம் தானே இறங்கும். மீதியைப் பழைய கப்பை மேலே வைத்து அடித்து இறக்கலாம். கடைசியில் சுத்தியல் சத்தம் மந்தத்திலிருந்து கணீரென்று மாறும். அப்போதுதான் அது அடியில் உட்கார்ந்தது.

சீல் உரசும் அச்சுப் பகுதியையும் கவனியுங்கள். மெல்லிய துரு என்றால் நுண்ணிய எமரித் தாள் போதும். விரலுக்குத் தட்டுப்படும் வளையப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புதுச் சீலும் அங்கே நிற்காது, மேலே பழுதுநீக்கும் வளையம் போட வேண்டும்.

கிரீஸ் வைத்துப் பூட்டுதல்

உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸ். கோனின் அகலமான பக்கத்தைக் கீழே பிடித்து, உள்வளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் கிரீஸ் ஏறும்படி உள்ளங்கை ஓரத்தில் அழுத்தி இழுங்கள். குறுகிய பக்கம் உருளைகளுக்கு நடுவே புழுப்புழுவாகப் பிதுங்கும்வரை அதே இடம். பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். முழுச் சுற்றும் வர வேண்டும். வெளியே பூசிவிட்டு உள்ளே வெறுமையாக விடுவது கிரீஸ் வைத்ததாகாது. கப்பின் உட்பரப்பிலும் ஹப்பின் நடுக்குழியிலும் அச்சிலும் மெல்லப் பூசுங்கள். அச்சில் பூசுவது உராய்வுக்கு அல்ல, துருவுக்கு. சாதாரண மூடி உள்ள ஹப்பில் நடுக்குழியை முழுதும் அடைக்க வேண்டாம். சூட்டில் விரிய இடம் இல்லாமல் சீலைத் தள்ளும்.

முதலில் உள் பேரிங், அதன் மேல் சீல். தட்டையான மரக்கட்டை வைத்து, ஹப் விளிம்போடு சமமாகும்வரை அடியுங்கள். சீல் உதட்டிலும் கிரீஸ் தடவுங்கள். ஹப்பை அச்சில் நேராக ஏற்றி, வெளி பேரிங்கைக் குறுகிய பக்கம் உள்நோக்கி வைத்து, வாஷர், நட்டு போடுங்கள்.

அடுத்து வருவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை ஏறக்குறைய 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். உருளைகள் தங்கள் இடத்தில் உட்காரவும் உபரி கிரீஸ் பிதுங்கவும் இது. அடுத்து ஹப்பைச் சுற்றாமல் நட்டை முழுதும் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, தொட்டு நிற்கும் இடத்தில் விடுங்கள். காட்டர் பின் துளை நேராக வரவில்லையா? அடுத்த வெட்டுக்குத் தளர்த்துங்கள், ஒருபோதும் இறுக்காதீர்கள். முடிவில் இருக்க வேண்டிய ஆட்டம் 0.025 முதல் 0.25 மி.மீ. வரை. ஆட்டமே இல்லாமல் கெட்டியாக இருந்தால்தான் பத்திரம் என்று தோன்றும். சூடாகி விரியும்போது இடம் இல்லாத பேரிங் தன்னையே எரித்துக்கொள்ளும்.

ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி உள்ள ஹப்பில் கணக்கு வேறு. அதன் வேலையே உள்ளழுத்தத்தை வெளித் தண்ணீரின் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பது, ஆகவே ஹப் நிறைந்திருக்க வேண்டும். கைப் பம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். மூடியின் நடு வட்டு 3 மி.மீ. வெளியே வந்து, ஓரத்தை அழுத்தினால் சாய்ந்தாடும்போது நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தள்ளினால் உள்சீல் பிய்ந்து, பிரேக் உள்ள டிரெய்லரில் கிரீஸ் நேராக பிரேக் ஷூவில் போய் விழும். இந்த மூடி இருப்பதால் கழற்றவே வேண்டாம் என்பது தவறு. புது கிரீஸ் வெளிப்பக்கம் நுழைகிறது, தண்ணீர் புகுவது உள்பக்கம்.

எண்ணெய் நிரப்பிய ஹப் என்றால் மூடியின் கண்ணாடியில் எண்ணெய் பால்போல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடி முத்திரையிட்ட பேரிங் தொகுதிகளைத் திறக்க முடியாது, கெட்டால் முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் குறுக்கு வரிசையில், கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள். அரை அங்குல போல்ட்டுக்கு வழக்கமான அளவு 122 முதல் 163 நியூட்டன் மீட்டர் வரை. 15, 40, 80 கிலோமீட்டரில் மறுபடி சோதியுங்கள். முதல் 15 கிலோமீட்டர் முடிந்து நிறுத்தும்போது புறங்கையால் இரு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடோ, ஒரு பக்கம் மட்டும் கூடுதல் சூடோ இருந்தால் நட்டு இறுகியிருக்கிறது, அல்லது கோன் சரியாக உட்காரவில்லை.

டிரெய்லர் நிற்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைச் சுற்று நகர்த்தி வையுங்கள், உருளைகள் இடம் மாறும். ஜொகூர் பாரு தாண்டி மெர்சிங் வரை இழுத்துப் போகிறவர்கள், கிரீஸ் வைத்துப் பூட்டிய உதிரி ஹப் ஒன்றை பிளாஸ்டிக்கில் சுற்றிக் காரில் வைத்திருந்தால் வழியில் மாற்ற அரை மணி போதும்; அந்நேரத்தில் பேரிங் கடை தேட வேண்டியதில்லை.

கழுவிய மண்ணெண்ணெயை வடிகாலில் கொட்டாதீர்கள். இந்தத் தீவின் மழைநீர் வடிகால்களில் பெரும்பகுதி நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். கிரீஸ் துடைத்த துணியையும் அதோடு.